பழைய ஓப்செட் ஸ்மோக்கர் வாங்கலாமா? திருகோணமலைக்காரருக்கு ஒரு முழு வழிகாட்டி

உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் சுற்றுலாக் காலம் ஓய்ந்து, புரட்டாதி ஐப்பசி வந்துவிட்டால் விடுதிக்காரர்கள் தட்டுமுட்டுச் சாமான்களை விற்கத் தொடங்குவார்கள். பிளாஸ்டிக் கதிரை, கடற்கரைக் குடை, பழைய பிரிட்ஜ், இவற்றோடு சிலவேளை கறுத்த இரும்பு உருளை ஒன்றும் நிற்கும். பக்கத்தில் விறகு எரிக்கும் நெருப்புப் பெட்டி ஒன்று, மறுபக்கத்தில் ஒரு புகைபோக்கி. அதுதான் இறைச்சியைப் புகையில் வேகவைக்கும் ஓப்செட் ஸ்மோக்கர். வெளிநாட்டில் இருந்து வந்தவர் கொள்கலனில் கொண்டுவந்ததாகவும் இருக்கலாம், உள்ளூர்ப் பட்டறையில் சொல்லிச் செய்வித்ததாகவும் இருக்கலாம். விலை மலிவாகத்தான் தெரியும்.

இதை வாங்குவதா விடுவதா என்பதற்கு என் பதில் சுருக்கமானது. நெருப்புப் பெட்டி நல்லதாக இருந்தால் மற்ற எல்லாவற்றையும் திருத்தலாம். நெருப்புப் பெட்டி போய்விட்டால் மிச்சம் பழைய இரும்பு, அதற்கு இரும்பு விலைதான் கொடுக்க வேண்டும். நெருப்பு மூட்டிப் பார்க்காமல் ஒரு சதமும் கொடுக்க வேண்டாம்.

இது வேலை செய்யும் விதம் தெரிந்தால் எதைச் சோதிப்பது என்பதும் விளங்கும். விறகு பக்கத்துப் பெட்டியில் எரியும். சூடும் புகையும் பெட்டிக்கும் உருளைக்கும் இடையிலுள்ள வாய் வழியாக உள்ளே போய், இறைச்சியைத் தடவிக்கொண்டு, மறுமுனைப் புகைபோக்கியால் வெளியேறும். இறைச்சி நெருப்புக்கு மேலே இருப்பதில்லை. 110 முதல் 135 பாகை செல்சியஸ் வரையான சூட்டில் மணிக்கணக்காக வேகும். சூட்டைக் கூட்டிக் குறைக்க உங்கள் கையில் இருப்பது இரண்டே: பெட்டிக்குள் போகும் காற்றின் அளவு, நீங்கள் போடும் விறகின் அளவு.

முதலில், உங்களுக்கு இது தேவையா?

ஓப்செட்டுக்கு ஆள் வேண்டும். முப்பது நாற்பது நிமிடத்துக்கு ஒரு விறகு போட வேண்டும், பெட்டிக்குக் காற்று விடும் காற்றுக் கதவைப் பார்க்க வேண்டும். கோழிக்கு இரண்டு மூன்று மணித்தியாலம், ஆட்டுத் தொடைக்கு ஐந்தாறு மணித்தியாலம், மாட்டு நெஞ்சுத் துண்டு என்றால் பத்துப் பன்னிரண்டு மணித்தியாலம் போய்விடும். விடுதி நடத்துபவர் என்றால் அந்த நேரம் முழுக்க ஒருவருக்குச் சம்பளம் கொடுக்கிறீர்கள் என்பதையும் கணக்கில் எடுங்கள்.

உங்கள் வீட்டில் வழக்கமாக வாட்டுவது பாரையும் சூரையும் கோழிக் காலும் என்றால் இத்தோடு வாசிப்பதை நிறுத்திவிடலாம். சிரட்டைக் கரி, ஒரு கம்பித் தட்டு, நாலு கல் போதும். மீனுக்கு இவ்வளவு பெரிய இரும்பு வேண்டாம். மாதத்தில் இரண்டு தடவையாவது பெரிய துண்டு இறைச்சி போடுவீர்கள், முற்றத்தில் இடம் இருக்கிறது, நெருப்புக்குப் பக்கத்தில் குந்தியிருக்க உங்களுக்கே ஆசை. இந்த மூன்றும் இருந்தால் மேலே வாருங்கள்.

எப்போது பார்ப்பது

ஐப்பசியில் விலை இறங்கும். மழைக்கு முன் இடத்தைக் காலி செய்ய நினைப்பவர் பேரத்துக்கு இறங்கி வருவார். ஆனால் பொருளின் உண்மை நிலை தெரிவது தை, மாசியில்தான். மாரி முழுக்க வெளியே நனைந்து நின்ற ஸ்மோக்கர் தன் ஓட்டைகளை எல்லாம் தானே காட்டிவிடும். விலையா, நிச்சயமா என்று கேட்டால் நான் மாசியைச் சொல்வேன். ஐப்பசியில் வாங்குவதானால் கீழே சொல்லும் சோதனை ஒன்றையும் தவற விடாதீர்கள், முக்கியமாகப் புதுப் பெயின்ற் அடித்திருந்தால்.

போகுமுன் போனில் கேட்பவை

அலஸ்தோட்டத்தில் இருந்து கிண்ணியாவுக்கோ மூதூருக்கோ சும்மா அலைவதை விட ஐந்து நிமிடம் கதைப்பது லாபம். எந்த இரும்பில் செய்தது? தகடு எத்தனை மில்லிமீற்றர்? கூரைக்குக் கீழே நின்றதா, வெளியிலா? கடைசியாக எப்போது எரித்தது? நெருப்புப் பெட்டியின் அடித்தளத்தை, சாம்பலை அள்ளிவிட்டு, ஒரு படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். முழு ஸ்மோக்கரும் தெரிகிற அழகான படம் பத்து வந்தாலும் அந்த ஒரு படத்துக்கு ஈடாகாது. அனுப்பத் தயங்குகிறவரிடம் ஏன் தயங்குகிறார் என்று கேட்கத் தேவையில்லை.

இன்னொரு கேள்வியும் இருக்கிறது. எங்கள் ஊரில் இதைக் கேட்காமல் விடக்கூடாது. "அண்ணை, இதில பன்றி போட்டனீங்களா?" முஸ்லிம் விருந்தினரும் வருகிற விடுதி என்றால், அல்லது நீங்களே முஸ்லிம் என்றால், விலை பேசமுன் இது தெரிய வேண்டும். மாட்டிறைச்சி சேராத வீட்டாருக்கும் இதே கேள்வி வேறு விதத்தில் இருக்கும். எரித்துச் சுரண்டிச் சுத்தம் செய்யலாம்தான். ஆனால் அது போதுமா என்பது அவரவர் மனதும் மார்க்கமும் சொல்ல வேண்டியது. விற்பவர் கோபிக்க மாட்டார். திருகோணமலையில் எல்லோருக்கும் விளங்குகிற கேள்விதான் இது.

நேரில்: நெருப்புப் பெட்டியில் தொடங்குங்கள்

போகும்போது ஒரு சிறு சுத்தியல், தட்டை வாய் ஸ்குரூ டிரைவர், டோர்ச் லைட், காந்தம், பழைய துணி, ஒரு இறாத்தல் பாண் எடுத்துக்கொள்ளுங்கள். பாண் எதற்கு என்று பிறகு சொல்கிறேன்.

விற்பவர் மூடியைத் திறந்து உள்ளே இருக்கிற கம்பித் தட்டைக் காட்டுவார். பார்த்துத் தலையாட்டிவிட்டு நேரே நெருப்புப் பெட்டிக்குப் போங்கள். சாம்பல் இருந்தால் முழுக்க அள்ளுங்கள். சாம்பல் ஈரத்தை இழுத்துப் பிடித்து வைத்துக்கொள்ளும். அதிலுள்ள உப்புகளும் கடற்காற்றின் உப்பும் சேர்ந்து அடித்தகட்டைத் தின்னும். அதனால் இந்தக் கரையோரத்தில் ஸ்மோக்கர்கள் அழுகத் தொடங்குவது பெரும்பாலும் பெட்டியின் அடியில்தான், வெளியே தெரியாமல்.

அடித்தகட்டைச் சுத்தியலால் மெதுவாகத் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல தகடு 'டிங்' என்று தெளிவாகச் சத்தம் கொடுக்கும். கறள் தின்ற இடத்தில் சத்தம் அமுங்கி 'டொக்' என்று வரும். அந்த இடத்தில் ஸ்குரூ டிரைவர் நுனியை வைத்து அழுத்துங்கள். செந்நிறத் தூள் மட்டும் உதிர்ந்தால் அது மேற்கறள், கம்பித் தூரிகையும் எண்ணெயும் அதற்குப் போதும். அப்பளம் மாதிரி ஏடு ஏடாகக் கழன்று வந்தால் தகட்டின் தடிப்பில் பாதி போய்விட்டது. நுனி உள்ளே இறங்கினால் அடித்தகட்டை வெட்டி எறிந்து புதிது ஒட்ட வேண்டும். அது செய்யக்கூடிய வேலைதான், 5 அல்லது 6 மில்லிமீற்றர் தகடு ஒன்றைப் பட்டறையில் வெட்டி வெல்டிங் செய்யலாம். ஆனால் அந்தச் செலவு விலையில் கழிய வேண்டும்.

அடுத்து, பெட்டியும் உருளையும் சேரும் ஒட்டு. சூட்டில் இரும்பு விரிந்து சுருங்குவது இந்த இடத்தில்தான் அதிகம். வெல்டிங் ஓரமாக மயிர்க்கோடு போல வெடிப்பு ஓடுகிறதா என்று டோர்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். நேரே அடித்தால் தெரியாது, சாய்த்தால்தான் நிழல் விழும். ஒரு சிறு வெடிப்பு என்றால் பரவாயில்லை. ஒட்டு முழுக்கக் கழன்று போல்ட் போட்டுக் கட்டியிருந்தால், பெட்டியின் பாரம் தாங்காமல் அது தொங்கிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

பெட்டிக் கதவைச் சாத்திப் பாருங்கள். ஒரு பத்திரிகைத் துண்டைக் கதவிடுக்கில் வைத்துச் சாத்தி இழுங்கள். சுற்றிவர எல்லா இடத்திலும் கொஞ்சமாவது பிடிக்க வேண்டும். கதவு வளைந்து ஒரு மூலையில் விரல் போகிற இடைவெளி இருந்தால், காற்றுக் கதவை மூடினாலும் நெருப்பு அடங்காது, சூடு உங்கள் சொல் கேட்காது. காற்றுக் கதவு கறள் பிடித்து இறுகியிருந்தால் பயப்பட வேண்டாம், எண்ணெய் விட்டுத் தட்டினால் கழன்று வரும்.

பெட்டியின் வெளிப்புறத்தில் பெயின்ற் உரிந்திருக்கும். இதைப் பார்த்துப் பின்வாங்காதீர்கள். 600 பாகைக்கு மேல் தாங்கும் என்று டின்னில் எழுதிய பெயின்ற்றும் நெருப்புப் பெட்டியில் உரியத்தான் செய்யும். பாவித்த ஸ்மோக்கரில் அதுதான் இயல்பு. பெட்டி புத்தம் புதிதாகப் பளபளத்தால்தான் சந்தேகம் வர வேண்டும்.

தடிப்பு: தூக்கிப் பார்த்தாலே தெரியும்

தடித்த இரும்பு சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மெல்லிய தகடு காற்று அடித்தால் குளிரும், விறகு போட்டால் கொதிக்கும். நல்ல ஸ்மோக்கர்களில் தகடு கால் அங்குலம், அதாவது 6 மில்லிமீற்றருக்குச் சற்று மேல். கடையில் விற்கும் மலிவானவற்றில் 1 முதல் 2 மில்லிமீற்றர்தான். அளக்கக் கருவி இல்லை என்றால் கணக்குப் போடலாம். ஒரு சதுர மீற்றர் இரும்புத் தகடு, தடிப்பின் ஒவ்வொரு மில்லிமீற்றருக்கும் 8 கிலோ அளவில் நிறை வரும். 50 சென்ரிமீற்றர் விட்டமும் 90 சென்ரிமீற்றர் நீளமும் உள்ள உருளை, 40 சென்ரிமீற்றர் சதுரப் பெட்டி என்று எடுத்தால் 6 மில்லிமீற்றரில் காலும் தட்டும் இல்லாமலே 130 கிலோ வரும். அதையே 2 மில்லிமீற்றரில் செய்தால் 45 கிலோகூட வராது. ஒரு முனையை நீங்கள் தனியே சுலபமாகத் தூக்க முடிந்தால் அது மெல்லிய தகடு. விற்பவர் வாய்க்கு என்ன சொன்னாலும் சரி.

இந்த அளவிலேயே இன்னொன்றும் பார்த்துவிடலாம். உருளையின் கொள்ளளவில் மூன்றில் ஒன்று அளவுக்கு நெருப்புப் பெட்டி இருப்பது நல்லது. மேலே சொன்ன உருளை ஏறத்தாழ 177 லீற்றர், பெட்டி 64 லீற்றர், சரியான பொருத்தம். பெட்டி இதைவிட மிகச் சிறிதென்றால் விறகைத் துண்டு துண்டாக வெட்டி ஊட்டிக்கொண்டே இருக்க வேண்டி வரும்.

உருளை, மூடி, புகைபோக்கி

இவற்றில் அதிக நேரம் வேண்டாம். உள்ளே கறுப்பாக ஏடு உரிந்தால் அது பெயின்ற் இல்லை, பழைய கொழுப்பும் கரியும். சுரண்டினால் போகும். தார் போல மினுங்கி ஒட்டினால் ஈர விறகில் புகைத்திருக்கிறார்கள், எரித்துச் சுத்தம் செய்யலாம். பூஞ்சணம், கரப்பான், குளவிக்கூடு எதற்கும் அதே மருந்து. கொழுப்பு வடியும் துளையைச் சுற்றி மட்டும் ஸ்குரூ டிரைவரால் குத்திப் பாருங்கள்.

பொழுது படுகிற நேரம் போனால் ஒரு வசதி. போன் டோர்ச்சை உள்ளே வைத்து மூடியைச் சாத்தினால் வெளிச்சம் கசிகிற இடமெல்லாம் தெரியும். மூடியில் கொஞ்சம் கசிந்தால் பரவாயில்லை, சூடு தாங்கும் நாடா ஒட்டலாம். பிணைச்சல் தேய்ந்து மூடி ஒருபக்கம் சரிந்திருந்தால் பிணைச்சலை மாற்ற வேண்டும், சின்ன வேலைதான். மூடியில் பொருத்திய வெப்பமானியை நம்ப வேண்டாம். கழற்றி எடுத்துக் கொதிநீரில் பிடியுங்கள், கடல் மட்டத்தில் 100 காட்ட வேண்டும். காட்டாவிட்டால் புதிது வாங்குங்கள், அதற்காகப் பேரத்தை முறிக்காதீர்கள்.

எதைப் பார்த்தவுடன் திரும்பி வரலாம்

நாகம் (சிங்க்) பூசிய தகட்டில் செய்த நெருப்புப் பெட்டியும் கம்பித் தட்டும். வெள்ளிச் சாம்பல் நிறத்தில், பூப் போட்டது போலப் படலம் தெரியும். காந்தம் அதிலும் ஒட்டும், அதனால் காந்தத்தை நம்பி முடிவெடுக்க முடியாது. நாகம் 420 பாகையில் உருகும். விறகு நெருப்பு அதைச் சுலபமாகத் தாண்டும். அந்தப் புகையைச் சுவாசித்தால் குளிர் காய்ச்சல் வரும், உணவுக்குப் பக்கத்தில் அது வேண்டவே வேண்டாம். காந்தம் கொண்டுபோகச் சொன்னது வேறு விஷயத்துக்கு: பெயின்ற்றுக்குக் கீழே பொட்டிப் பசை பூசி ஓட்டையை அடைத்திருந்தால் அந்த இடத்தில் காந்தம் பிடிக்காது.

பரலில் செய்தது என்றால் பரலில் முன்பு என்ன இருந்தது என்று கேளுங்கள். மருந்து, இரசாயனம், பாவித்த ஒயில் என்றால் வேண்டாம். உணவுப் பண்டமோ தேங்காயெண்ணெயோ என்றால் வெளியே நல்லாக எரித்துவிட்டுப் பாவிக்கலாம், ஆனால் தகடு 1 மில்லிமீற்றர் அளவுதான், மாரி இரண்டு கண்டால் முடிந்துவிடும். 12.5 கிலோ எரிவாயு சிலிண்டரை வெட்டிச் செய்தவையும் வரும். தகடு பரவாயில்லை, இடம்தான் போதாது, கோழி ஒன்றிரண்டுக்குச் சரி. ஏற்கெனவே வெட்டிப் பல தடவை எரித்ததை வாங்கலாம். நீங்களே வெற்றுச் சிலிண்டர் ஒன்றை வாங்கி வெட்டக் கொடுக்கப் போகாதீர்கள். உள்ளே மிச்சமிருக்கும் வாயு ஒரு பொறியில் வெடிக்கும்.

நெருப்பு மூட்டிப் பார்க்கும் சோதனை

இதற்கு இரண்டு மணித்தியாலம் ஒதுக்கச் சொல்லி முன்பே கேட்டுவையுங்கள். விறகு நீங்களே கொண்டுபோங்கள். சிரட்டைக் கரி கொஞ்சம், கையளவு தடித்த காய்ந்த கொய்யா அல்லது மா விறகு ஏழெட்டுத் துண்டு.

புகைபோக்கியை முழுக்கத் திறந்துவிடுங்கள், கடைசிவரை அப்படியே இருக்கட்டும். கரியைப் பற்றவைத்து, தணலானதும் இரண்டு விறகை அதன்மேல் வையுங்கள். பெட்டிக் கதவை ஒரு சாண் திறந்தே விடுங்கள். முதல் பத்து இருபது நிமிடம் வெள்ளைப் புகை தடிப்பாக வரும், அதில் கவலை இல்லை. விறகு சுவாலையாக எரியத் தொடங்கியதும் புகை மெலிந்து, வெயிலில் பார்த்தால் நீலம் தட்டினாற்போல் வர வேண்டும். அதன்பிறகு கதவைச் சாத்திக் காற்றுக் கதவால் ஆளுங்கள்.

இனிப் பார்க்க வேண்டியது, புகை எங்கே போகிறது? புகைபோக்கியால் போனால் சரி. மூடியின் பின்பக்கத்தால் கொஞ்சம் கசிந்தாலும் சரி. பெட்டிக் கதவால் திரும்பி உங்கள் முகத்துக்கு வந்தால், காற்றோட்டம் பிழை. புகைபோக்கி ஒடுக்கமாக இருக்கலாம், அல்லது உருளைக்குள் போகும் வாய் சிறிதாக இருக்கலாம். புகைபோக்கியைக் கொஞ்சம் நீட்டினால் சில ஸ்மோக்கர்கள் திருந்தும். வாய் சிறிதென்றால் வெட்டிப் பெருப்பிக்க வேண்டும், அதற்கு நான் மினக்கெட மாட்டேன்.

முக்கால் மணித்தியாலத்துக்குப் பிறகு 120 பாகையில் நிற்கிறதா என்று பாருங்கள். காற்றுக் கதவை நன்றாகக் குறைத்தும் சூடு ஏறிக்கொண்டே போனால் பெட்டி எங்கோ காற்றை இழுக்கிறது.

இப்போது பாண். துண்டு துண்டாக வெட்டிக் கம்பித் தட்டு முழுக்கப் பரப்பி மூடியைச் சாத்திவிட்டு, நிறம் மாறும்வரை விடுங்கள். பெட்டிப் பக்கத் துண்டு கருகி, புகைபோக்கிப் பக்கத் துண்டு வெளிறியே இருந்தால் சூடு சமமாகப் பரவவில்லை. இரண்டு முனைக்கும் 20, 25 பாகை வித்தியாசம் சின்ன ஸ்மோக்கர்களில் வழக்கம். அதைவிடக் கூடினால் வாய்க்கு மேலே ஒரு தகட்டைச் சாய்த்துப் பொருத்தலாம். பெரிய செலவில்லை, ஆனால் விலை பேசும்போது கருகிய பாண் துண்டு கையில் இருப்பது நல்லது.

நெருப்பு மூட்ட விடமாட்டேன் என்கிறாரா? நல்வார்த்தை சொல்லிவிட்டு வாருங்கள்.

விலை பேசுவது

இரண்டு எண்கள் தெரிந்தால் போதும். கீழ் எண், பழைய இரும்பு விலை: நிறையை மதிப்பிட்டு, இரும்புக் கடையில் அன்றைய கிலோ விலையைக் கேட்டுப் பெருக்குங்கள். மேல் எண், அதே அளவில் அதே தடிப்பில் புதிதாகச் செய்யப் பட்டறையில் கேட்கும் தொகை. தடித்த, பெட்டி உறுதியான ஸ்மோக்கருக்கு மேல் எண்ணில் பாதிக்குச் சற்று மேல்வரை நான் கொடுப்பேன். மெல்லியதென்றால் மூன்றில் ஒன்றுக்கு மேல் கொடுக்க மனம் வராது, எவ்வளவு அழகாக இருந்தாலும். அதில் இருந்து அடித்தகடு, பிணைச்சல், வெப்பமானி, சில்லு, ஏற்றுக்கூலி எல்லாம் கழியுங்கள். கழித்த பிறகு கீழ் எண்ணுக்குக் கிட்ட வந்துவிட்டால், திருத்துவதை விடப் புதிதாகச் செய்விப்பதுதான் கணக்குக்குச் சரி.

வெளிநாட்டுப் பெயர் பொறித்த தகடு ஒட்டியிருக்கிறது என்பதற்காகக் கூட்டிக் கொடுக்க வேண்டியதில்லை. பெயர் எதுவானாலும் தகட்டின் தடிப்பையும் கறளையும் பார்த்தே காசு கொடுங்கள்.

ஏற்றி இறக்குவதும் வைக்கும் இடமும்

தடித்த ஸ்மோக்கருக்குப் பட்டா லொறியும் நாலு பேரும் வேண்டும், ஓட்டோவில் சரிவராது. பெட்டியிலோ புகைபோக்கியிலோ பிடித்துத் தூக்க விடாதீர்கள், ஒட்டு வெடிக்கும். உருளைக்கு அடியால் கயிறு போட்டுத் தூக்க வேண்டும். சின்னச் சில்லுகள் கடற்கரை மணலில் புதையும் என்பதால் பலகையோ சீமெந்துக் கல்லோ போட்டு நிரந்தர இடம் ஒன்று பாருங்கள்.

கிடுகுக் கொட்டிலுக்குக் கிட்ட வைக்கவே கூடாது. ஆனி, ஆடியில் கச்சான் அடிக்கும்போது ஒரு பொறி போதும், கிடுகு பற்றிவிடும். அந்தக் காற்று நேரே காற்றுக் கதவுக்குள் அடித்தால் நெருப்பும் அடங்காது. கதவைக் காற்றுக்குக் குறுக்கே திருப்பி வையுங்கள், மேற்குப் பக்கம் ஒரு மறைப்பு இருந்தால் இன்னும் நல்லது. டவுன் ஒழுங்கைகளில் இருப்பவர்கள் அயலவரின் உடுப்புக் கொடி எந்தப் பக்கம் என்றும் பார்க்க வேண்டும்.

விறகுக்குக் கொய்யா, மா, புளி போதும். புளி சூடு கூட, அளவாகப் போடுங்கள். கண்டல் மரம் பாதுகாக்கப்பட்டது, தொட வேண்டாம். பழைய வள்ளப் பலகையில் பெயின்ற்றும் பூச்சும் இருக்கும், பொச்சுமட்டை புகைத்தே தள்ளும், இரண்டும் உணவுக்கு உதவாது. காய்ந்த விறகு என்றால் இரண்டு துண்டைத் தட்டினால் கணீரென்று சத்தம் வர வேண்டும், முனைகளில் வெடிப்பு விட்டிருக்க வேண்டும். கச்சான் காலத்தில் வெட்டி அடுக்கிக் கூரைக்குக் கீழே வைத்தால் மாரிக்கும் வரும்.

கொண்டுவந்த அன்றே கம்பித் தூரிகையால் உரசி, உள்ளே தேங்காயெண்ணெய் மெல்லிசாகப் பூசி, இரண்டு மூன்று மணித்தியாலம் வெறுமனே எரித்துவிடுங்கள். அதன்பின் ஒவ்வொரு தடவையும் மறுநாள் காலையிலேயே சாம்பலை அள்ளி வெளியே கொட்டுங்கள். முதல் சமையலுக்கு மாட்டிறைச்சியோ ஆட்டுத் தொடையோ வேண்டாம். இரண்டு கோழியைப் பிளந்து போடுங்கள். தொடையின் தடித்த இடத்தில் வெப்பமானி 74 பாகை காட்டினால் இறக்கலாம். கருகினாலும் இரண்டு கோழியோடு போகும்.